கேசட் ஆட்டங்களை மறுபடி ஆட: வீட்டில் கிடக்கும் போன், லேப்டாப், பழைய டிவியை வைத்தே ஒரு முழு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் தொண்ணூறுகளில் வளர்ந்த ஒருவரிடம் "நிண்டெண்டோ ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். "டிவி கேம்?" என்று கேட்டுப் பாருங்கள். மாரியோவில் எந்தக் குழாயில் இறங்கினால் நேராக நாலாம் உலகத்துக்குப் போகலாம் என்பது வரைக்கும் சொல்வார். இரண்டும் ஒரே ஆட்டம்தான். 1983 ஜூலையில் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட பெட்டியின் பெயர் ஃபேமிகாம். நம் வீடுகளுக்கு வந்தது அதன் நகல். சென்னை பர்மா பஜாருக்கோ ரிச்சி தெருவுக்கோ போய் வந்த சித்தப்பா வாங்கி வந்திருப்பார். இல்லையென்றால் கோடை விடுமுறையில் நாள் வாடகைக்கு எடுத்திருப்போம்.

பழைய பெட்டியைப் போல நடித்து அதன் ஆட்டங்களை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டர் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அசல் பெட்டியில் ஆடிய வெளிநாட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் ஆட்டம் ஓடும். ஆனாலும் ஐந்து நிமிடத்தில் "இது நாம ஆடினது மாதிரி இல்லையே" என்று கை சொல்லிவிடும். உடனே படத்தைத் திருத்தக் கிளம்புவோம். கோளாறு பெரும்பாலும் படத்தில் இருக்காது. ஆட்டம் ஓடும் வேகத்திலும், பட்டனை அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவில் உள்ள தாமதத்திலும் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

இன்னும் ஏன் இழுக்கிறது

சின்ன வயசு நினைப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான். கேசட்டைக் கண்ணாலேயே பார்த்திராத என் அக்கா பையன் டேங்க் கேமை ஆரம்பித்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டான். அவனுக்கு ஏது பழைய நினைப்பு?

மீதிக் காரணம் அந்த இயந்திரத்தின் வறுமை. ஃபேமிகாமின் சிபியு ஓடுவது 1.79 மெகாஹெர்ட்ஸில். வேலை செய்ய அதற்குள்ள ராம் 2 கிலோபைட். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட்தான். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட இதைவிடப் பெரியது. மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவு சிக்கனம். இந்த இடத்துக்குள் ஆட்டம் எப்படி என்று விளக்கிப் பாடம் நடத்த வழியில்லை. அதனால் முதல் திரையே சொல்லிக்கொடுத்தாக வேண்டும். மாரியோ இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் காலியாக இருக்கிறது, நடக்கத் தோன்றுகிறது. எதிரே ஒரு பழுப்பு நிறப் பூதம் வருகிறது. மோதினால் போச்சு. அடுத்த முறை குதிப்பீர்கள். படிக்காத பாட்டிக்கும் இது புரியும்.

செத்தால் சில நொடியில் மறுபடி ஆரம்பம். விளம்பரம் கிடையாது, அப்டேட் கிடையாது, வைரம் வாங்கு என்ற நச்சரிப்பு கிடையாது. கூடவே இரண்டாவது ரிமோட். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து, ஒரு உயிர் போனால் ரிமோட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் பேசி, அதை மீறிச் சண்டை போட்டு ஆடிய ஆட்டத்தை இன்றைய எந்த ஆன்லைன் ஆட்டமும் மிஞ்சவில்லை என்பது என் கட்சி.

படி 1: நீங்கள் ஆடியது எது என்று கண்டுபிடியுங்கள்

பலருக்கு ஆட்டம் ஞாபகம் இருக்கும், பெயர் தெரியாது. கேசட் மெனுவில் இருந்த பெயரும் பாதி நேரம் தப்பு. "9999 இன் 1" என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பதோ சில ஆட்டங்கள். அவற்றையே மறுபடி மறுபடி வேறு பெயரில் வரிசைப்படுத்தியிருப்பார்கள். தேட வசதியாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

செங்கல் சுவருக்குள் கழுகைக் காப்பாற்றும் டேங்க் கேம், நாம்கோவின் பேட்டில் சிட்டி, 1985. இலைப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருவன் கல் கோடாலி வீசிக்கொண்டு ஓடுவான், பழம் சாப்பிடாவிட்டால் உயிர் குறையும்: அது ஹட்சன் நிறுவனத்தின் அட்வெஞ்சர் ஐலண்ட், 1986. மேலிருந்து பார்க்கும் கார் ரேஸ், கொனாமியின் ரோட் ஃபைட்டர். சூடானால் வண்டி நின்றுவிடும் பைக் ரேஸ், எக்ஸைட்பைக், 1984. நெருப்பு வளையத்தில் சிங்கத்தின் மேல் பாய்வது சர்க்கஸ் சார்லி. வாத்து சுடுவது டக் ஹண்ட். தவறவிட்டால் சிரிக்கும் அந்த நாயை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துப்பாக்கியோடு இருவர் ஓடுவது கொனாமியின் காண்ட்ரா. இவை எல்லாம் ஃபேமிகாம் குடும்பம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் காசு போட்டு ஆடிய பெரிய பெட்டி ஆட்டம் என்றால் அது ஆர்கேட். அதில் முக்கால்வாசிப் பேர் தேடுவது முஸ்தபா. அதற்குத் தனியாக வருகிறேன். மணிக் கணக்கில் காசு கொடுத்து, சிடி போட்டு, டெக்கன் 3-யோ குஸ்தி ஆட்டமோ ஆடியிருந்தால் அது பிளேஸ்டேஷன் 1. இந்த மூன்றில் எது உங்களுடையது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: எதில் ஆடப் போகிறீர்கள்

புதிதாக எதுவும் வாங்காதீர்கள். எமுலேட்டர் என்பது அந்தப் பழைய சிப்புகள் செய்ததை எல்லாம் அப்படியே நடித்துக் காட்டும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான். ஃபேமிகாமையும் பிளேஸ்டேஷன் 1-ஐயும் நடிக்க இன்றைய மலிவான போனே தாராளம்.

போனில் என்றால், ஆண்ட்ராய்டுக்கு லெமுராய்டு என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஆட்டக் கோப்புகள் உள்ள ஃபோல்டரைக் காட்டினால் போதும்; எது எந்தப் பெட்டிக்கான ஆட்டம் என்று அதுவே பிரித்து வைத்துக்கொள்ளும். அமைப்புகளை நோண்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு ரெட்ரோஆர்ச். ஐபோன்காரர்கள் 2024 வரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏப்ரலில் ஆப்பிள் தன் விதியைத் தளர்த்தியதும் டெல்டா வந்தது, அடுத்த மாதமே ரெட்ரோஆர்ச்சும் வந்தது.

என் பரிந்துரை போன் இல்லை, பழைய லேப்டாப். 2011-லிருந்து தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் நம் மாவட்டத்தில் ஏராளமான வீடுகளில் பீரோ மேல் தூங்குகிறது. இன்றைய விண்டோஸை இழுக்க அதற்குத் தெம்பில்லை. மாரியோவை இழுக்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதற்கு உயிர் கொடுக்கும் வழி இது:

1. 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட நல்ல பென் டிரைவ் ஒன்று எடுங்கள். கல்யாணத்தில் போட்டோகிராபர் கொடுத்த இலவச பென் டிரைவ் வேண்டாம், எழுதும்போதே படுத்துவிடும்.
2. வேறு ஒரு கம்ப்யூட்டரில் படோசெரா என்ற இலவச லினக்ஸ் அமைப்பை இறக்குங்கள். 64 பிட் ப்ராசசருக்கான கோப்பு.
3. பலேனா எட்சர் என்ற கருவியால் அதைப் பென் டிரைவில் எழுதுங்கள். டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும்.
4. லேப்டாப்பில் செருகி, ஆன் செய்யும்போது பூட் மெனு விசையைத் தட்டுங்கள். பிராண்டைப் பொறுத்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மாறும். ஏறவில்லை என்றால் பயாஸ் என்ற லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.
5. ஏறியதும், அதே வைஃபையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் படோசெரா என்று ஒரு பகிர்வு ஃபோல்டர் தெரியும். அதில் ரோம்ஸ் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஆட்டங்களை உரிய இடத்தில் போடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கை இது தொடுவதே இல்லை. பென் டிரைவை உருவிவிட்டால் லேப்டாப் பழையபடி.

ஆன்லைனில் "பத்தாயிரம் ஆட்டம், 4கே" என்று விற்கும் எச்டிஎம்ஐ ஸ்டிக் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 256க்கு 240 புள்ளி அளவுள்ள படத்தை 4கே என்று விற்பதிலேயே தெரிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மெமரி கார்டு மட்டமானது, கூட வரும் வயர்லெஸ் ரிமோட் அதைவிட மோசம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கார்டை உடனே கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 3: ஆட்டம் எங்கிருந்து

இதில் மழுப்பாமல் பேசிவிடலாம். எமுலேட்டர் எழுதுவதும் பயன்படுத்துவதும் தப்பில்லை. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி போட்ட வழக்கில் 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆட்டக் கோப்பு, அதாவது ரோம், வேறு விஷயம். அதற்குக் காப்புரிமை உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-ஆம் பிரிவு, சட்டப்படி ஒரு நிரலை வைத்திருப்பவர் அது கெட்டுப்போனால் உதவ நகல் எடுத்துவைக்க இடம் தருகிறது. இணையத்தில் கிடைப்பதை எல்லாம் அள்ளிக்கொள்ள அது இடம் தரவில்லை. நம் கேசட்டுகளே திருட்டு நகல்கள் என்பது இந்தக் கதையின் தனி வேடிக்கை.

மறுபக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஓர் ஆய்வில் கணக்குச் சொன்னது. வாங்கத் தயாராக இருப்பவனுக்கும் விற்க ஆள் இல்லை. எமுலேஷன் இல்லாவிட்டால் இந்த ஆட்டங்கள் பல எப்போதோ மண்ணாகியிருக்கும்.

நேர்மையாக ஆரம்பிக்க நிறைய வழி இருக்கிறது. ரெட்ரோஆர்ச்சில் ஆன்லைன் அப்டேட்டர் என்ற பகுதிக்குள் கன்டென்ட் டவுன்லோடர் இருக்கிறது. கேவ் ஸ்டோரி, டூமின் ஷேர்வேர் பதிப்பு போன்றவை அங்கேயே கிடைக்கும். ஃபேமிகாமுக்கு இன்றும் புது ஆட்டம் எழுதுகிறார்கள். நோவா த ஸ்குவிரல் இலவசம். மைக்ரோ மேஜஸ் 2019-ல் வந்தது, விலைக்கு. அதே 40 கிலோபைட்டுக்குள் நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை அடக்கியிருக்கிறார்கள், பார்த்தால் அசந்துபோவீர்கள். காண்ட்ராவை விலைக்கு வாங்க 2019-ல் வந்த கொனாமியின் காண்ட்ரா தொகுப்பு ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் உண்டு. வீட்டில் அசல் பிளேஸ்டேஷன் சிடி இருந்தால் யுஎஸ்பி டிவிடி டிரைவும் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளும் போதும். பின் (.bin), கியூ (.cue) என்று இரண்டு கோப்பாக நகல் கிடைக்கும். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஆட்டத்தைத் திறக்கும்போது கியூ கோப்பைத் திறக்க வேண்டும்.

எப்படி வாங்கினாலும் பத்து ஆட்டத்தோடு நிறுத்துங்கள். ஐயாயிரம் ஆட்டம் உள்ள பட்டியலை வைத்திருப்பவர்கள் பட்டியலைத்தான் மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

படி 4: ரெட்ரோஆர்ச்சை ஓட வைப்பது

ரெட்ரோஆர்ச் ஒரு வெறும் சட்டகம். ஒவ்வொரு பெட்டிக்கும் "கோர்" என்ற துண்டை அதற்குள் இறக்க வேண்டும். ஆன்லைன் அப்டேட்டர், கோர் டவுன்லோடர் என்று போய், ஃபேமிகாமுக்கு எஃப்சிஇயு-எம்எம், செகா நிறுவனத்தின் பெட்டிக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், பிளேஸ்டேஷன் 1-க்கு பிசிஎஸ்எக்ஸ் ரிஆர்ம்டு, ஆர்கேடுக்கு ஃபைனல்பர்ன் நியோ ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லோட் கன்டென்ட்டில் ஆட்டத்தைக் காட்டினால் ஓடும். படோசெராவிலும் லெமுராய்டிலும் இந்த வேலை ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும்.

பிளேஸ்டேஷனுக்குப் பயாஸ் கோப்பு, அதாவது பெட்டி ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல், ஒன்று கேட்பார்கள். அதுவும் சோனியின் சொத்து. பிசிஎஸ்எக்ஸ் ரிஆர்ம்டில் அதற்கு மாற்று உள்ளேயே இருக்கிறது. சில ஆட்டம் தகராறு செய்யும், பெரும்பாலானவை ஓடும்.

டெஸ்க்டாப்பில் ஆடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. செட்டிங்ஸில் சேவிங் பகுதிக்குப் போய் ஆட்டோ சேவ் ஸ்டேட், ஆட்டோ லோட் ஸ்டேட் இரண்டையும் போட்டால், மூடிவிட்டுத் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கரண்ட் போனால் அது காப்பாற்றாது, முறையாக மூடினால்தான் சேமிக்கும். எனவே ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எஃப்2 அழுத்துங்கள். எஃப்4 அழுத்தினால் திரும்ப அங்கே வந்துவிடும். எட்டாம் உலகத்தில் கரண்ட் போய்க் கத்திய தலைமுறைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டாம்.

படி 5: கை சொல்வதைக் கேளுங்கள்

விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் வேகம். அமெரிக்க, ஜப்பான் டிவி முறையில் வினாடிக்கு 60 படம். பால் (PAL) என்ற நம் டிவி முறையில் 50. பால் டிவிக்காகச் செய்யப்பட்ட நகல் பெட்டிகளின் கால அமைப்பை எமுலேட்டர்கள் "டெண்டி" என்று சொல்கின்றன. ரஷ்யாவில் 1992-லிருந்து விற்ற நகல் பெட்டியின் பெயர் அது. ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவும் படத்துக்குப் படம் எண்ணப்படுவதால், 60-க்கு எழுதிய ஆட்டம் 50-ல் ஓடினால் எல்லாமே மெதுவாகும். அப்படிப்பட்ட பெட்டியில் நாம் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு ஜப்பான் பிள்ளைகள் கேட்டதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவானது. எமுலேட்டர் இயல்பாக 60-ல் ஓட்டும்போது ஏதோ அவசரமாகத் தெரிவதற்கும், சுலபமாகத் தாண்டிய பள்ளத்தில் இப்போது விழுவதற்கும் இதுதான் காரணம். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாற்றும் வழி: ஆட்டம் ஓடும்போது எஃப்1 அழுத்தி, கோர் ஆப்ஷன்ஸில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டி எந்த வகை என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். இரண்டையும் போட்டுப் பாட்டைக் கேளுங்கள், காது சரியானதைச் சொல்லிவிடும். 50-ல் ஓட்டும்போது படம் லேசாகத் துள்ளினால், திரை 60 ஹெர்ட்ஸில் நிற்கிறது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ வழியாக டிவியில் ஆடினால் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது தாமதம். 60-ல் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. பழைய டப்பா டிவி வந்த சிக்னலை வந்த கணமே கோடு கோடாகத் திரையில் எழுதிவிடும், கிட்டத்தட்டத் தாமதமே இல்லை. எல்இடி டிவி படத்தை வாங்கி, வைத்து, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். அந்த மெருகேற்றலில் மூன்று நான்கு படம் போய்விட்டால் குதிக்க வேண்டிய இடத்தில் குழியில் இருப்பீர்கள். இதைக் குறைக்கும் வேலைகளைப் பலன் அதிகமுள்ள வரிசையில் சொல்கிறேன்.

டிவியில் கேம் மோடு என்று இருக்கும், போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். போனிலிருந்து டிவிக்கு வைஃபையில் அனுப்பி ஆடாதீர்கள், படம் பார்க்க அது சரி, ஆட்டத்துக்கு ஆகாது. ப்ளூடூத் ஹெட்போனும் வேண்டாம். குதித்த பிறகு சத்தம் வரும், கை குழம்பிவிடும். ரிமோட் யுஎஸ்பி வயர் உள்ளதாக இருக்கட்டும். போனில் என்றால் ஓடிஜி அடாப்டர் போட்டு அதே ரிமோட்டை மாட்டலாம். கண்ணாடித் திரையில் வரைந்த பட்டனை வைத்துக் காண்ட்ரா ஆடுவது தண்டனை. ரிமோட் வாங்கும் வரை டெட்ரிஸ் மாதிரி நிதானமான ஆட்டங்களோடு இருங்கள். ரிமோட் வாங்கும்போது இடப்பக்கக் கூட்டல் குறி பட்டனைத்தான் பார்க்க வேண்டும். கட்டைவிரலை வலப்பக்கம் அழுத்தி உருட்டும்போது தானாக மேலே அழுத்துப்பட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் ரெட்ரோஆர்ச்சில் 2018-ல் வந்த ரன்-அஹெட் என்ற வித்தை இருக்கிறது. ஆட்டத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு படம் தாமதம் இருக்கும். பட்டன் அழுத்திய உடனே அசைய மாட்டார்கள். எமுலேட்டர் ஆட்டத்தை ரகசியமாக ஒரு படம் முன்னால் ஓட்டிப் பார்த்து, அந்த முடிவை இப்போதே காட்டிவிடுகிறது. எத்தனை படம் போடுவது என்று ஊகிக்க வேண்டியதில்லை. விசைப்பலகையில் 'பி' அழுத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள். குதிக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே 'கே' விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள்; ஒரு தட்டுக்கு ஒரு படம் நகரும். எத்தனையாவது தட்டில் மாரியோ அசைகிறாரோ, அதில் ஒன்றைக் கழியுங்கள். சூப்பர் மாரியோவுக்கு ஒன்று வரும். செட்டிங்ஸில் லேட்டன்சி பகுதிக்குப் போய் ரன்-அஹெட்டைப் போட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். அதைவிடக் கூடக் கொடுத்தால் அசைவுகளின் ஆரம்பம் வெட்டுப்பட்டு, ஆள் கூடுவிட்டுக் கூடு பாய்வான். பழைய லேப்டாப்பில் ஒன்றுக்கு மேல் போகாதீர்கள், திணறும்.

அக்னி நட்சத்திரத்தில் போனில் ஆடுபவர்களுக்கு: உறையைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள். சூடானதும் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாரியோவுக்குப் பாதகமில்லை, பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் ஆட்டங்களில் நன்றாகவே தெரியும்.

படி 6: படம்

இதைச் சீக்கிரம் முடிக்கலாம். ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக வையுங்கள். அகலத் திரை நிரம்ப இழுத்தால் மாரியோ குண்டாகிவிடுவார். ஷேடர்ஸ், அதாவது படத்தின் தோற்றத்தை மாற்றும் வடிகட்டிகள் உள்ள பகுதியில், சிஆர்டி (டப்பா டிவி) என்று ஆரம்பிக்கும் ஒன்றைப் போடுங்கள். ஈஸிமோட் என்று முடிவது பழைய லேப்டாப்பும் தாங்கும். அந்தக் காலத்து ஓவியர்கள் டப்பா டிவியின் மங்கலை நம்பித்தான் வரைந்தார்கள். செகாவின் சோனிக் ஆட்டத்தில் அருவி வெறும் செங்குத்துக் கோடுகள்; ஏவி வயரில் வரும்போது கோடுகள் கலந்து கண்ணாடித் தண்ணீராகத் தெரியும். கூர்மையான திரையில் கோடு கோடாகவே நிற்கும்.

முஸ்தபா

ஆட்டத்தின் பெயர் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம், 1993. ஜாக், ஹன்னா, மெஸ் என்று இன்னும் மூவர் இருந்தும், மஞ்சள் தொப்பி போட்டுப் பறந்து உதைக்கும் முஸ்தபாவின் பெயரையே நாம் ஆட்டத்துக்கு வைத்துவிட்டோம். இது ஒரு அமெரிக்க காமிக்ஸ் கதையை வைத்து எடுத்த ஆட்டம். 2018-ல் கேப்காம் இந்த வகை அடிதடி ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டபோதும் முஸ்தபாவுக்கு அதில் இடம் இல்லை.

ஆர்கேட் ஆட்டக் கோப்பு பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, ஜிப்பாக வருவதைப் பிரிக்கக் கூடாது, பெயரையும் மாற்றக் கூடாது. பல சிப்புகளின் நகல்கள் அதற்குள் தனித்தனிக் கோப்பாக இருக்கின்றன. எமுலேட்டர் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. இரண்டு, 1997-ல் ஆரம்பித்த மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டர் திட்டம் பதிப்புக்குப் பதிப்பு அந்தப் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பதிப்புக்கான கோப்பு இன்னொன்றில் ஓடாமல் போகலாம். காசு போட செலக்ட் பட்டன், ஆட ஸ்டார்ட் பட்டன். காசு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்பதால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். ஐந்து காசு என்று நீங்களே ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் பழைய பதற்றம் திரும்பும்.

அசல் பெட்டியே பரணில் இருந்தால்

எடுத்த உடனே பிளக்கில் செருகாதீர்கள். அடாப்டரில் எத்தனை வோல்ட் என்பதோடு, நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியின் குறியோடு ஒப்பிடுங்கள். அசல் ஃபேமிகாமில் நடு முனை மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். மாற்றிச் செருகினால் உள்ளே ஏதாவது போகும்.

கேசட்டை ஊதாதீர்கள். ஊதியதால் சரியானது என்று நாம் எல்லோரும் சத்தியம் செய்வோம். உண்மையில் எடுத்து மறுபடி செருகியதால்தான் தொடர்பு கிடைத்தது. எச்சில் ஈரம் செம்பைக் கறுக்க வைக்கும். மருந்துக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேளுங்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள். ரொம்பவும் கறுத்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்க்கலாம்.

2006-லிருந்து அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி இன்னும் ஓடினால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 14 அங்குல டப்பா டிவி இந்த ஆட்டங்களுக்கு அமைந்த திரை. பின்னால் மஞ்சள் ஏவி துளை இருந்தால் பெட்டியை நேராக மாட்டலாம். ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கம்ப்யூட்டர் இருந்தால் அதன் ஹெட்போன் துளையிலேயே வீடியோவும் வருகிறது; கான்ஃபிக் கோப்பில் வெளியீட்டைப் பால் என்று மாற்ற வேண்டும். வயர் வாங்கும்போது கவனம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கேம்கார்டர் வயர்களில் வீடியோவும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். டிவியின் முதுகை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

வாத்து சுடும் துப்பாக்கி அந்த டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். எல்இடி டிவி அந்த வெள்ளையைத் தாமதமாகக் காட்டுவதால், துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. எமுலேட்டரில் துப்பாக்கிக்குப் பதில் மவுஸ். அது சுடுவதில் சேர்த்தி இல்லை.

தூரத்தில் இருக்கும் இரண்டாவது ரிமோட்

ஒன்றாக ஆடிய தம்பி இப்போது பெங்களூரிலோ துபாயிலோ இருப்பான். ரெட்ரோஆர்ச்சில் இணையம் வழியாகச் சேர்ந்து ஆட நெட்பிளே இருக்கிறது. இருவரிடமும் ஒரே ரெட்ரோஆர்ச் பதிப்பு, ஒரே கோர், ஒரே ஆட்டக் கோப்பு இருக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் சேராது. ஒருவர் ஹோஸ்ட் என்று ஆரம்பிக்க, மற்றவர் பட்டியலில் அறையைத் தேடிச் சேர வேண்டும். மொபைல் நெட்டில் நேரடியாக இணையாது. ஹோஸ்ட் செய்பவர் ரிலே சர்வர் என்பதைப் போட்டுவிடட்டும். டெண்டி வேகத்தை வைத்தால் இருவரும் வைக்க வேண்டும். ரன்-அஹெட்டை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

காண்ட்ரா என்றால் தலைப்புத் திரையில் மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது பி ஏ. இருவர் ஆடுவதால் செலக்ட் ஒருமுறை, அப்புறம் ஸ்டார்ட். ஆளுக்கு 30 உயிர். தன் உயிர் தீர்ந்ததும் உங்களுடையதை எடுத்துக்கொள்ள காண்ட்ராவின் சில பதிப்புகளில் வசதி உண்டு; அது தம்பிக்கு நன்றாகத் தெரியும்.